டவுன்ஹில் கிராங்க்: கழலும் கையைப் பார்த்து வாங்குங்கள்

2015 ஜூனில் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பை டவுன்ஹில் (மலைச்சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும்) போட்டியில், அமெரிக்க வீரர் ஆரோன் க்வின் தொடக்க வாயிலை விட்டு வெளியே வந்ததுமே செயின் அறுந்துவிட்டது. செயினே இல்லாமல் கடைசிவரை ஓட்டி, அந்தப் போட்டியில் அவர்தான் ஜெயித்தார். டவுன்ஹில் சைக்கிளில் கிராங்குக்கு, அதாவது பெடல்களைத் தாங்கும் இரண்டு கைகளும் அவற்றை இணைக்கும் ஸ்பிண்டில் என்ற தண்டும் சேர்ந்த பாகத்துக்கு, என்ன வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மிதிப்பதெல்லாம் அதற்கு இரண்டாவது வேலை. முதல் வேலை, ஓட்டுபவர் ஏறி நிற்கும் இரண்டு படிகளாக இருப்பது. அந்தப் படிகள் பாறைமேல் விழும்போதும், குதித்து இறங்கும்போதும் வளையாமல், விரியாமல், கழலாமல் இருக்க வேண்டும். கிராங்க் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடையையும், அலுமினியமா கார்பனா என்பதையும்தான் முதலில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: கழற்றி மாட்டுகிற கை, ஸ்பிண்டிலோடு எப்படிப் பிணைந்திருக்கிறது?

ஏன் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. கவசம், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 85 கிலோ எடையுள்ளவர் ஒரு குதிப்பிலிருந்து இறங்கும்போது மூன்றரை மடங்கு எடை பாதத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெடலுக்கும் பிரித்தால் பெடலுக்குச் சுமார் 1,450 நியூட்டன். கைகள் தரைக்குப் படுக்கையாக, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நிற்கின்றன. 165 மி.மீ. நீளக் கையில் அந்த விசை ஏறினால் ஒவ்வொரு கையும் ஸ்பிண்டிலை ஏறக்குறைய 240 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குகிறது. முன்கால் ஒரு திசையில் முறுக்க, பின்கால் எதிர்த் திசையில் முறுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வது ஸ்பிண்டில் வழியாகத்தான். செயினுக்கு அங்கே வேலையே இல்லை. அதே ஆள் ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டு அழுத்தி மிதித்தால்கூட 140 நியூட்டன் மீட்டரைத் தாண்டாது. மிதிப்பதைவிட இறங்குவதுதான் அந்த இணைப்பைச் சோதிக்கிறது.

பெடல், கையின் வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்பதால் கையே முறுகவும் செய்கிறது. ஆகவே விரிசல் எங்கே வரும் என்று தேட வேண்டியதில்லை. பெடல் ஏறும் துளையின் ஓரம், வலது கையில் செயின்ரிங்கைத் தாங்கும் ஸ்பைடர் பிரியும் இடம், கழலும் கை ஸ்பிண்டிலோடு கோத்துக்கொள்ளும் பல்வரிசையின் அடி. இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஷிமானோ, ஸ்ராம் என்ற இரண்டு நிறுவனங்களின் கிராங்குகளிலும் வலது கையும் ஸ்பிண்டிலும் ஒன்றாகவே வரும், இடது கைதான் கழலும். வேறு சில மாடல்களில் வலது கை கழலும். இடது கை கழலும் கிராங்கில், எந்தக் காலை முன்னால் வைத்து இறங்குகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். இடது கால் முன்னால் என்றால், இறங்கும்போது அந்தக் கையில் ஏறும் முறுக்கும் மிதிக்கும்போது ஏறும் முறுக்கும் ஒரே திசை. வலது கால் முன்னால் என்றால் இடது கால் பின்னால் இருக்கும்; இறங்கும்போது இடது கை பின்னோக்கி முறுக்கப்படும், மிதிக்கும்போது முன்னோக்கி. இந்த முன்னும் பின்னுமான ஆட்டம்தான் பல்வரிசையைத் தேய்க்கிறது. வலது காலை முன்வைத்து ஓட்டுபவர்கள் இடது கையின் போல்ட்டை மற்றவர்களைவிட அடிக்கடி பார்க்க வேண்டும்.

கையைத் தண்டோடு ஓர் ஆப்பு பிணைத்திருக்கும் பழைய காட்டர் பின் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்தக் கோளாறின் உணர்வு நன்றாகவே தெரியும்: பின் தேய்ந்ததும் ஒவ்வொரு மிதியிலும் காலுக்கடியில் ஒரு 'டக்'. நவீனக் கிராங்கிலும் அதேதான். ஒரு வித்தியாசம், காட்டர் பின்னைச் சில ரூபாய்க்கு மாற்றலாம். இங்கே அலுமினியக் கையின் பல் உருண்டுவிட்டால் கையையே தூக்கிப் போட வேண்டும். பல கிராங்குகளில் ஸ்பிண்டில் எஃகு, கை அலுமினியம். தேய்வது எப்போதும் மெத்தென்ற பக்கம். தளர்ந்த நிலையில் ஒரு மாலை முழுக்க ஓட்டிவிட்டுப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது மறுபடி தளரத்தான் செய்யும்.

இன்று கடைகளில் கிடைக்கும் இணைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை.

முதல் வகை ஷிமானோவின் ஹாலோடெக் 2. 24 மி.மீ. எஃகு ஸ்பிண்டில், இடது கையில் பிளவு, அதைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு போல்ட். 5 மி.மீ. ஆலன் கீ இருந்தால் மலையடிவாரத்திலேயே கழற்றி மாட்டலாம். இரண்டு போல்ட்டில் ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று கீழே இறங்கும்வரை காப்பாற்றும். 2012இல் வந்த செயிண்ட் எம்820 வரிசையும், அதே ஆண்டு விலை குறைவாக வந்த ஜீ எம்640 வரிசையும் இந்த அமைப்புதான். எடை பார்ப்பவர்களுக்கு செயிண்ட் பிடிக்காது. பாறைமேல் போட்டு ஓட்டுபவர்களுக்கு அதைவிட நிம்மதியானது குறைவு.

இரண்டாவது வகை, ஒரே ஒரு பெரிய போல்ட் கையை ஸ்பிண்டிலின் பல்வரிசைமேல் இழுத்து ஏற்றி இறுக்குவது. ஸ்ராமின் ஜி.எக்ஸ்.பி., அதன்பின் 2018இல் வந்த 28.99 மி.மீ. ஸ்பிண்டில் கொண்ட டப், 30 மி.மீ. ஸ்பிண்டில் கொண்ட ரேஸ் ஃபேஸ் சின்ச் எல்லாம் இந்த ரகம். சரியாக இறுக்கினால் இது மிக உறுதியான பிணைப்பு. சிக்கல் அந்த 'சரியாக' என்ற சொல்லில் இருக்கிறது. 8 மி.மீ. ஆலன் கீயில் 50 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுக்க வேண்டும், டப்புக்கு 54. சட்டைப்பையில் வைக்கும் மல்டி டூலால் அந்த அளவை எட்டவே முடியாது. கை வலிக்க இறுக்கிவிட்டேன் என்று நினைக்கும்போது பாதிதான் ஏறியிருக்கும். நீளக் கைப்பிடி டார்க் ரெஞ்ச் இல்லாதவர் இந்த வகையை வாங்கினால், ரெஞ்சின் விலையையும் கிராங்க் விலையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இதே வகையில் இன்னொரு ஏமாற்று வேலை நடக்கும். டப், சின்ச் இரண்டிலும் இடது பக்கம் பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க ஒரு வளையம் உண்டு. கையை ஏற்றும் முன் அந்த வளையத்தைக் கையை நோக்கி முழுதாக உள்ளே திருகிவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வளையம் போய் பேரிங்கில் முட்டும். ரெஞ்ச் 54 என்று 'கிளிக்' அடிக்கும். கையோ பல்வரிசையில் முழுதாக உட்கார்ந்திருக்காது. ஸ்பேசர் ஒன்று கூடுதலாகப் போட்டாலும் இதே கதை. ஆக வரிசை இதுதான்: வளையம் உள்ளே, கை மேலே, 54இல் போல்ட், அதன்பின் வளையத்தை விரலால் பேரிங்வரை நகர்த்தி, அதன் பொடி ஸ்க்ரூவை மெதுவாக இறுக்குவது. அந்தப் பொடி ஸ்க்ரூவை முறுக்கி வளையத்தை உடைப்பவர்கள் நிறைய. அது வளையம் நகராமல் இருக்க மட்டும்தான். பாரம் எதுவும் அதில் இல்லை.

ஷிமானோ வகையை மாட்டும்போது தவறுவது வேறு இடத்தில். ஸ்பிண்டிலில் மெல்லிய கிரீஸ் தடவி வலமிருந்து செலுத்துங்கள். கடைசியில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும். இடது கையை ஏற்றிய பின், முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது அதற்கான சிறு கருவியை விரலால் திருகும் அளவு மட்டும். இதை ஓங்கி இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போய்விடும். அடுத்து, பிளவுக்குள் இருக்கும் சிறு தடுப்புத் தகட்டை அழுத்துங்கள். அதன் முள் ஸ்பிண்டிலின் துளைக்குள் விழ வேண்டும். விழவில்லை என்றால் கை இன்னும் முழுதாக ஏறவில்லை என்று பொருள். தகட்டை உடைத்துப் போட்டுவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். போல்ட் இரண்டும் தளர்ந்தால் கை நழுவாமல் பிடிப்பது அந்தத் தகடு ஒன்றுதான். கடைசியாக இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், இரண்டாவதை இறுக்கும்போது முதலாவது தளர்ந்திருக்கும். இரண்டு மூன்று சுற்று போனால்தான் இரண்டும் ஒரே அளவில் நிற்கும்.

எந்த வகையானாலும் முதல் நாள் ஓட்டி முடித்ததும் ரெஞ்சை ஒருமுறை வைத்துப் பாருங்கள். அதன்பின் லிஃப்ட் வசதியுள்ள சைக்கிள் பூங்காக்களில் ஓட்டும் ஒவ்வொரு நாள் காலையிலும். கனடாவின் விஸ்லர் மாதிரி இடங்களில் மலையேறும் நேரம் மிச்சமாவதால், ஒரு நாளில் கிராங்க் வாங்கும் அடி, சாதாரண மலைப்பாதையில் பல வாரங்களில் வாங்கும் அடிக்குச் சமம்.

பொருளுக்கு வருவோம். அச்சில் அடித்து உருவாக்கிய 7000 வரிசை அலுமினியம்தான் டவுன்ஹில்லுக்கு இன்றும் முதல் தேர்வு. பாறையில் பட்டால் தோல் உரியும், பள்ளம் விழும், அப்படியும் ஓடும். ஆனால் அலுமினியத்துக்கு 'இந்த அளவு பாரத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் தாங்கும்' என்கிற எல்லை கிடையாது. சின்னச் சின்னப் பாரங்களும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால் அதற்கு ஆயுள் உண்டு. குறிப்பாகக் கூர்மையான வெட்டுத் தழும்பு ஒன்று கையின் உட்பக்கத்திலோ விளிம்பிலோ விழுந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். பட்டை அரத்தால் அந்த வெட்டின் கூர்மையை மெல்ல மழுக்கி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் ஓரளவு காப்பாற்றலாம். ஆழமான வெட்டை மழுக்கி மறைக்கப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கார்பன் கை களைப்பால் போவது அரிது; அடியால் போகும். ஸ்ராம் எக்ஸ்-ஓ டி.எச்., ரேஸ் ஃபேஸ் சிக்ஸ்-சி போன்றவை டவுன்ஹில்லுக்கென்றே கனமாகக் கட்டப்பட்டவை, உலகக் கோப்பையில் ஓடியவை. பயம் கார்பனைப் பற்றி அல்ல, அதற்குள் ஒட்டியிருக்கும் உலோகத்தைப் பற்றி. பெடல் திருகும் மரை, கார்பனில் ஒட்டப்பட்ட ஓர் உலோக வளையத்தில் இருக்கிறது. கையின் நுனியில் பாறை அறைந்து அறைந்து அந்த ஒட்டு விட்டுப்போகும். கண்டுபிடிக்க எளிய வழி: புதிதாக வாங்கியதும் உலோக வளையத்தின் மேலும் கார்பன் மேலும் சேர்ந்து விழும்படி வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். என்றாவது கோடு இரண்டாக விலகியிருந்தால் வளையம் சுழல்கிறது. அந்தக் கையின் கதை முடிந்தது. கையின் நுனிக்கு ரப்பர் உறை போடாமல் கார்பன் கிராங்கை ஓட்டுவது காசைக் கரியாக்குவது. உறைக்குள் மண் புகுந்து தேய்க்கும் என்பதால், கழுவும்போதெல்லாம் உறையையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

ஒட்டு வேலை என்றதும் 2023 செப்டம்பரில் ஷிமானோ அறிவித்த திரும்பப்பெறுதல் நினைவுக்கு வரும். 2012 முதல் 2019 வரை தயாரான அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகள், வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,60,000. இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்த ரோடு சைக்கிள் கிராங்குகள் அவை. ஒட்டு பிரியக்கூடும் என்பதே பிரச்சினை. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு செயிண்ட்டை விற்கக் கிளம்பியவர்களும் உண்டு. பட்டியலில் இருந்தது ரோடு வரிசைதான்.

அளவு தவறினால் எவ்வளவு உறுதியான கிராங்கும் வீண். ஃபிரேமின் பாட்டம் பிராக்கெட் கூட்டை, அதாவது ஸ்பிண்டிலும் அதன் பேரிங்குகளும் உட்காரும் குழாயின் அகலத்தை, வெர்னியரால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பின் சக்கர ஹப் 150 அல்லது 157 மி.மீ. உள்ள டவுன்ஹில் ஃபிரேம்களில் கூடு பெரும்பாலும் 83 மி.மீ.; மற்ற மலைச் சைக்கிள்களில் 73. செயிண்ட்டில் எஃப்.சி.-எம்820 என்பது 68 மற்றும் 73க்கு, எம்825 என்பது 83க்கு. ஜீயில் எம்640, எம்645. பழைய பொருள் விற்பவர்கள் 'செயிண்ட் கிராங்க்' என்று மட்டும் சொல்வார்கள். கையின் உட்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 83இல் செயின் ஓடும் கோடு, ஃபிரேம் நடுவிலிருந்து 56 அல்லது 57 மி.மீ. தள்ளி இருக்கும். 73க்கான கிராங்கை அங்கே மாட்ட முயன்றால் கை ஸ்பிண்டிலில் பாதிதான் ஏறும்.

கூடு மரையுள்ளதா, அழுத்திப் பொருத்துவதா என்று பாருங்கள். மரையுள்ளது பி.எஸ்.ஏ. அளவு, அம்பத்தூர் சைக்கிள்களில் நாம் பார்த்துப் பழகிய அந்த பர்மிங்காம் நிறுவனத்தின் பெயரேதான். பேரிங்கைத் தாங்கிக் கூட்டில் திருகும் கப்புகளில், வலது கப்பின் மரை இடப்பக்கச் சுற்று. தெரியாமல் வழக்கமான திசையில் கழற்றப் பார்த்து இன்னும் இறுக்கிவிடுவது நித்தியம் நடப்பது. கப்புக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். இதில் பேரிங் கூட்டுக்கு வெளியே உட்காருவதால் 24, 29, 30 எந்த ஸ்பிண்டிலுக்கும் போதிய இடம் உண்டு. அழுத்திப் பொருத்தும் 41 மி.மீ. துளையில் 30 மி.மீ. ஸ்பிண்டிலை நுழைத்தால் பேரிங்குக்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு, குண்டுகள் பொடியாகிவிடும், சேற்றுப் பருவம் ஒன்றைத் தாண்டுவதே பெரிது. அந்த மாதிரி ஃபிரேம் உள்ளவர்களுக்கு 24 மி.மீ. எஃகு ஸ்பிண்டில்தான் புத்திசாலித்தனம். தண்ணீர்ப் பீச்சியால் பேரிங்கை நேராக அடிக்காமல் இருந்தால் அதன் ஆயுள் இன்னும் நீளும்.

நீளம்: பல ஆண்டுகளாக 165 என்பதே டவுன்ஹில்லுக்குப் பொது அளவு. இப்போது 160, 155 என்று குறைந்து வருகிறது. கை கீழே இருக்கும் கணத்தில் 10 மி.மீ. கூடுதல் இடைவெளி கிடைப்பது வெளிப்படை. அதிகம் பேசப்படாத லாபம், 155இல் கழலும் இணைப்பின்மேல் ஏறும் முறுக்கு 6 சதவீதம் குறைவது. மிதிக்கும்போது இழப்பது கொஞ்சம் நெம்புபலம். செயின்ரிங்கில் இரண்டு பல் குறைத்தால் சரியாகிவிடும். பாத இடைவெளி குறைவதால் திருப்பங்களில் இடுப்பைத் திருப்புவது எளிது என்பவர்களும் உண்டு, நிற்பதற்கு நிலை போதவில்லை என்பவர்களும் உண்டு. உயரமானவர்கள் வாங்கும் முன் யாருடைய சைக்கிளிலாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது.

செயின்ரிங்குக்குப் பாறையடி விழும்போது அந்த அடி எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். கிராங்கோடு சேர்ந்து சுற்றும் காப்பு வளையம் அடியை ஸ்பைடருக்கே அனுப்பும். ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியுள்ள ஐ.எஸ்.சி.ஜி. 05 என்ற அளவுக் காதுகளில் மூன்று போல்ட்டால் நிற்கும் காப்புத் தகடு அடியை ஃபிரேமுக்கு அனுப்பும். கிராங்க் நீடிக்க வேண்டுமென்றால் இரண்டாவதுதான். அந்த மூன்று போல்ட்டிலும் நடுத்தர நீல மரைப்பசை இல்லாவிட்டால் ஒன்று எப்படியும் வழியில் விழும்.

பெடலை ஏனோதானோ என்று மாட்டுவதால் போகும் கைகள் ஏராளம். மரையில் கிரீஸ், 35 முதல் 55 நியூட்டன் மீட்டர். இடது பெடல் இடச்சுற்று. இறுக்கம் போதவில்லை என்றால் பெடல் தண்டின் தோள் கையின் முகத்தைச் சிறிது சிறிதாக அரைத்து வட்டமான பள்ளம் தோண்டும். விரிசல் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் பிறக்கும். தயாரிப்பாளர் அனுமதித்தால் மெல்லிய எஃகு வாஷர் ஒன்று இடையில் போடுவது நல்லது. மரை போன கைக்குப் புது மரைச் செருகல் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார். கடைத்தெருவுக்குப் போய்வரும் சைக்கிளுக்கு அது போதும். டவுன்ஹில்லுக்கு வேண்டாம்.

பழைய கிராங்க் வாங்குவதானால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விரிசல் வரும் என்று தொடக்கத்தில் சொன்ன மூன்று இடங்களையும் பாருங்கள். கோடு மாதிரி ஒன்று தெரிந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். கீறலில் நகம் மாட்டும், ஆனால் துடைத்தால் அப்படியே இருக்கும். விரிசலோ துடைத்த சிறிது நேரத்தில் கரிய கசிவோடு மறுபடி முகம் காட்டும். பல்வரிசையில் பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக, மறுபக்கம் கூர்மையாக இருந்தால் அது தளர்ந்து ஓடியது. சைக்கிளில் மாட்டியிருந்தால், கிராங்கின் இடது கையைச் செயின்ஸ்டேயோடு (பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேமின் கீழ்க் குழாயோடு) சேர்த்துப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; பேரிங் ஆட்டம் பக்கவாட்டில் இருக்கும், இணைப்பு ஆட்டம் சுற்றுவாக்கில் தெரியும். பெடல் கோணலாகச் சுற்றினால் கை வளைந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் வேறு பெடலை மாட்டிப் பாருங்கள். பாதிக்குப் பாதி, வளைந்திருப்பது பெடல் தண்டுதான்.

சத்தம் வந்தால் எல்லோரும் பாட்டம் பிராக்கெட்டைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். அது கடைசியாகக் கழற்ற வேண்டியது. பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டு மாட்டுங்கள். போகவில்லை என்றால் செயின்ரிங் போல்ட். அடுத்து கழலும் கை. அதற்கும் பிறகுதான் கப். கையைக் கழற்றும்போது பல்வரிசையில் கருப்பு மாவு மாதிரி தெரிந்தால் அது அலுமினியம் தேய்ந்த தூள். ஸ்பிண்டிலின் பற்களைத் துடைத்துவிட்டு, புது இடது கையை மட்டும் தனியாக வாங்கிப் போடுங்கள். முழு கிராங்க் தேவையில்லை. பழைய கையையே மறுபடி மாட்டினால் ஸ்பிண்டிலின் பற்களுக்கும் சேர்த்துச் செலவு வரும்.

கடைசியில் எதை வாங்குவது? மரைக் கூடு உள்ள ஃபிரேம், கையில் பெரிய டார்க் ரெஞ்ச் இல்லை, பாறை நிறைந்த தடம் என்றால் செயிண்ட் அல்லது ஜீ, 165. பட்டறை வசதி இருந்து, டப் ஸ்பிண்டிலுக்கான பாட்டம் பிராக்கெட் ஏற்கெனவே ஃபிரேமில் இருந்தால் ஸ்ராமின் அலுமினிய டிசெண்டன்ட். கார்பனில் மிச்சமாவது சில நூறு கிராம். நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து ஓட்டுபவருக்கு அது செலவழிக்கத் தக்கது. வார இறுதிகளில் மட்டும் ஓட்டுபவர் அந்தப் பணத்தில் அலுமினியக் கிராங்க், உதிரி இடது கை, இரண்டு பாட்டம் பிராக்கெட், 60 நியூட்டன் மீட்டர்வரை போகும் ரெஞ்ச் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம்.